வடிவம் மட்டுமே மாறும்: வெளிநாட்டுப் பயணத்தில் பிளக் அடாப்டர்

சுவரில் இருக்கும் ஒரு பிளக் பாயிண்ட் ஐந்து செய்திகளைத் தாங்கி நிற்கிறது: துளைகளின் வடிவம், மின்னழுத்தம், அதிர்வெண், எர்த் இணைப்பு, தாங்கக்கூடிய மின்னோட்டம். ஒரு நாட்டுக்குள் இவை ஐந்தும் சேர்ந்தே வருவதால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிளக் துளைக்குள் போனால் கருவி ஓடும் என்பது வீட்டில் படிந்த பழக்கம். நாடு மாறினால் ஐந்தும் தனித்தனியே மாறக்கூடும். பயண அடாப்டர் என்னும் சிறு பொருள் இவற்றில் முதலாவதை, அதாவது வடிவத்தை மட்டுமே சரிசெய்கிறது. மற்ற நான்கையும் அது அப்படியே கடத்திவிடுகிறது. சில வேளைகளில் எர்த்தைக் கடத்தாமல் வழியிலேயே விட்டும் விடுகிறது. வெளிநாட்டில் பிளக் அடாப்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்பது மீதமுள்ள இந்த நான்கையும் கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான்.

ஒரே வேலைக்கு இத்தனை வடிவங்கள்

மின்சாரம் வீடுகளுக்குள் முதலில் வந்தது விளக்கெரிக்க. இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி போன்றவை பின்னால் வந்தபோது விளக்கு ஹோல்டரிலிருந்தே அவற்றுக்கும் இணைப்பு எடுக்கப்பட்டது. கழற்றி மாட்டக்கூடிய பிளக்குக்கு அமெரிக்காவில் ஹார்வி ஹப்பெல் 1904-இல் காப்புரிமை பெற்றார். அங்கு நிலைத்த தட்டை முனைகள் அந்த வழியில் வந்தவை. ஜெர்மனியில் 1920-களில் பக்கவாட்டு உலோகத் தகடுகளால் எர்த் கொடுக்கும் ‘ஷூகோ’ அமைப்பு உருவானது. பிரிட்டனில் உருண்டை முனைகள் கொண்ட பிளக்குகள் வெவ்வேறு அளவுகளில் வழங்கின. அவற்றின் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் வடிவங்கள் பிரிட்டிஷ் ஆட்சியோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மறுகட்டுமானத்தில் பிரிட்டன் தன் பழைய உருண்டை முனைகளைக் கைவிட்டு, ஃபியூஸ் உள்ளடங்கிய சதுர முனைப் பிளக்குக்கு மாறியது. அதற்கான தரநிர்ணயம் வெளியான ஆண்டு 1947. அதே ஆண்டில் விடுதலை பெற்ற இந்தியா பழைய உருண்டை முனைகளையே தொடர்ந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னாளில் பிரிட்டனைப் பின்பற்றின. இலங்கையும் அண்மைக் காலத்தில் 13 ஆம்பியர் சதுர முனையையே நாட்டின் ஒரே தரமாக ஆக்க முடிவெடுத்தது. ஆயினும் பழைய கட்டடங்களில் உருண்டைத் துளைகள் இன்னும் உண்டு.

1906-இல் நிறுவப்பட்ட சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் உலகம் முழுமைக்கும் ஒரே பிளக்கை வகுக்க நெடுங்காலம் முயன்றது. அதன் பொதுத் தரம் 1986-இல் வெளிவந்தபோது ஒவ்வொரு நாட்டிலும் கோடிக்கணக்கான பிளக் பாயிண்டுகள் சுவரில் பதிந்துவிட்டிருந்தன. அந்தத் தரத்தை ஒட்டிய பிளக்கைப் பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் ஏற்றன. ஏனைய நாடுகள் தத்தம் வடிவத்திலேயே இருக்கின்றன.

வகைகளும் நாடுகளும்

உலகில் வழங்கும் பிளக்குகளுக்கு ஆங்கில எழுத்துகளால் ஏ முதல் ஓ வரை பெயரிடும் வழக்கம் உள்ளது. இந்திய வீடுகளில் உள்ள 6 ஆம்பியர் மூன்று முனைப் பிளக் ‘டி’ வகை. ஏ.சி., கெய்சர் முதலியவற்றுக்கான பெரிய 16 ஆம்பியர் பிளக் ‘எம்’ வகை. பெரிய வகை தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் அன்றாடப் பயன்பாட்டில் இருந்தது என்பதால், இந்தியப் பெரிய பிளக் அங்குள்ள பழைய சாக்கெட்டுகளில் பொருந்துகிறது.

இந்தியப் பயணி அதிகம் எதிர்கொள்வது சில வகைகளையே. பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகிய இடங்களில் சதுர முனை ‘ஜி’ வகை. அமெரிக்காவிலும் கனடாவிலும் தட்டை முனை ‘ஏ’, அதோடு எர்த் முனை சேர்ந்த ‘பி’. ஜப்பானில் பெரும்பாலும் இரண்டு துளை ‘ஏ’ மட்டுமே. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின், தென்கொரியா ஆகியவற்றில் ஷூகோ எனப்படும் ‘எஃப்’. பிரான்சிலும் போலந்திலும் சாக்கெட்டிலிருந்தே எர்த் முனை வெளியே நீண்டிருக்கும் ‘இ’. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சாய்ந்த தட்டை முனைகள் கொண்ட ‘ஐ’. சுவிட்சர்லாந்துக்கு ‘ஜே’, இத்தாலிக்கு ‘எல்’, டென்மார்க்குக்கு ‘கே’ எனத் தனி வடிவங்கள் உண்டு.

இவற்றுக்கிடையே ஐரோப்பாவின் பல நாடுகளில் புழங்கும் ‘சி’ வகை மெல்லிய இரு முனைப் பிளக் ஒரு பொதுச் சாவி போன்றது. அது 2.5 ஆம்பியருக்கு மட்டுமே உரியது, எர்த் கிடையாது. அதன் முனைகள் 4 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. இந்தியச் சிறிய பிளக்கின் மின்முனைகளோ 5.1 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலிருந்து வாங்கி வந்த சார்ஜர் இந்தியப் பிளக் பாயிண்டில் தளர்ந்து ஆடுவதற்கும், தொட்டால் பொறி தெறிப்பதற்கும் இந்த ஒரு மில்லிமீட்டர் வேறுபாடே காரணம்.

மின்னழுத்தம்: வடிவம் சொல்லாத செய்தி

இந்தியாவில் மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஐரோப்பா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் எல்லாம் 220-க்கும் 240-க்கும் இடைப்பட்டவை. அமெரிக்காவும் கனடாவும் 120 வோல்ட், தைவான் 110, ஜப்பான் 100.

துளையின் வடிவத்தைப் பார்த்து மின்னழுத்தத்தை ஊகிக்க முடியாது. அமெரிக்காவில் 120 வோல்ட் தரும் அதே தட்டைத் துளைகள் பிலிப்பைன்ஸில் 220 வோல்ட் தருகின்றன. தாய்லாந்திலும் சீனாவிலும் தட்டை முனைகளை ஏற்கும் சாக்கெட்டுகளில் இருப்பது 220 வோல்ட். பிரேசிலில் ஒரே வடிவச் சாக்கெட் சில நகரங்களில் 127 வோல்ட்டும் வேறு நகரங்களில் 220 வோல்ட்டும் கொடுக்கிறது. அடாப்டர் தேவைப்படாமலே பிளக் பொருந்திவிடும் இத்தகைய இடங்களில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். தடுத்து நிறுத்த வடிவ வேறுபாடுகூட அங்கு இல்லை.

எனவே முதலில் பார்க்க வேண்டியது கருவியின் மீதோ சார்ஜரின் மீதோ பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் உள்ளீட்டுக் குறிப்பு. அதில் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் அக்கருவி எந்த நாட்டின் மின்சாரத்தையும் தானே ஏற்றுக்கொள்ளும். வடிவத்தை மாற்றும் அடாப்டர் போதும். கைப்பேசி சார்ஜர், மடிக்கணினி சார்ஜர், கேமரா பேட்டரி சார்ஜர் ஆகியவை பெரும்பாலும் இந்த வகை. வெறுமனே ‘230 வோல்ட்’ அல்லது ‘220–240 வோல்ட்’ என்றிருந்தால் அது அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் உரியதல்ல. ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் இந்தியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ உரியதல்ல.

பொருந்தாத மின்னழுத்தம் தரும் விளைவு திசையைப் பொறுத்தது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்ற வெப்பக் கருவிகளில் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் இந்திய இஸ்திரிப் பெட்டி அமெரிக்காவின் 120 வோல்ட்டில் ஏறத்தாழ 270 வாட்தான் தரும். துணி மடிப்பு நிமிராது, ஆபத்தும் இல்லை. மறுதிசையில் நிலைமை வேறு. 120 வோல்ட்டுக்குச் செய்த 1000 வாட் ஹேர் டிரையரை 230 வோல்ட்டில் மாட்டினால் அது 3600 வாட்டுக்கும் மேல் இழுக்கப் பார்க்கும்; மின்னோட்டம் 16 ஆம்பியரை நெருங்கும். கம்பிச்சுருள் சில நொடிகளில் அறுந்தால் அது நல்ல முடிவு. அதற்குள் அடாப்டரின் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்வோர் பெட்டியில் வைக்கும் மிக்ஸியும் இந்தக் கணக்கில் வருகிறது. 230 வோல்ட் மிக்ஸி அங்கு பாதி மின்னழுத்தத்தில் திணறும். ஊறவைத்த உளுந்து ஜாரில் இருந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் நின்று சூடேறும். இந்தியத் தயாரிப்பாளர்கள் 110 வோல்ட்டுக்கென்றே தனி மாடல்களை விற்பது இதனால்தான். 

சில ஹேர் டிரையர்களிலும் பயண இஸ்திரிப் பெட்டிகளிலும் 110, 220 என்று மாற்றும் சிறு திருகு இருக்கும். பிளக்கைச் செருகுவதற்கு முன்பே அதைத் திருப்ப வேண்டும். ஊர் திரும்பியதும் மறவாமல் பழைய நிலைக்கு மாற்ற வேண்டும்.

அதிர்வெண்

50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வேறுபாடு இன்றைய மின்னணுச் சார்ஜர்களைப் பாதிப்பதில்லை. மின்வழங்கலின் அதிர்வெண்ணைக் கொண்டு ஓடும் கடிகாரங்களையும் சில வகை மோட்டார்களையும் அது பாதிக்கும். 50 ஹெர்ட்ஸுக்குரிய அத்தகைய கடிகாரம் 60 ஹெர்ட்ஸில் மணிக்கு 12 நிமிடம் முந்தி ஓடும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மின்மாற்றியை 50 ஹெர்ட்ஸில் பயன்படுத்தினால் அது கூடுதலாகச் சூடேறும்.

ஜப்பானுக்குள்ளேயே இரண்டு அதிர்வெண்கள் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மானிய ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கின. அதன் தொடர்ச்சியாக இன்றும் கிழக்கில் 50, மேற்கில் 60 ஹெர்ட்ஸ். சவூதி அரேபியாவும் தென்கொரியாவும் 220–240 வோல்ட் அணியில் இருந்தாலும் அவற்றின் அதிர்வெண் 60. பொதுவான பயணிக்கு இதனால் தொல்லை குறைவு. மின்னழுத்தத்தை மாற்றும் மின்மாற்றி எதுவும் அதிர்வெண்ணை மாற்றாது என்பதை மட்டும் நினைவில் கொள்வது போதுமானது.

அடாப்டரும் மின்னழுத்த மாற்றியும்

கடைகளில் அருகருகே தொங்கும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பயணிகள் செய்யும் பெரும்பிழை. அடாப்டருக்குள் இருப்பவை சில பித்தளைத் தகடுகளும், நல்லதாக இருந்தால் ஒரு ஃபியூஸும். உள்ளே வந்த வோல்ட் எதுவோ, வெளியே செல்வதும் அதுவே.

மின்னழுத்தத்தை மாற்றும் கருவிகளில் இரு வகை உண்டு. முதலாவது இரும்பு உள்ளகமும் செப்புச் சுருளும் கொண்ட மின்மாற்றி. இது கனமானது, மின்னணுக் கருவிகளுக்கும் ஏற்றது. ஆயிரம் வாட் தாங்கும் மின்மாற்றியைப் பயணப் பெட்டியில் தூக்கிச் செல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. இரண்டாவது கையடக்கமான மின்னணு மாற்றி. இது மின்னலையின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. கம்பிச்சுருள் மட்டுமே கொண்ட வெப்பக் கருவிகளுக்கு, அதுவும் சிறிது நேரத்துக்கு, இது உதவும். மின்னணுச் சுற்று கொண்ட எதையும் இதில் மாட்டினால் பழுதாகும். எந்த வகையானாலும் அதன் வாட் அளவு கருவியின் வாட் அளவைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்க வேண்டும். பெரும்பாலான பயணங்களில் ஹேர் டிரையரையும் இஸ்திரிப் பெட்டியையும் வீட்டிலேயே விட்டுச் செல்வதே எளிய தீர்வு. தங்குமிடங்களில் அவை பொதுவாகக் கிடைக்கும்.

காணாமற்போகும் எர்த்

உலோக உடல் கொண்ட இஸ்திரிப் பெட்டி, கெட்டில், சாதம் வடிக்கும் குக்கர் ஆகியவற்றுக்கு எர்த் உயிர்காப்பு. உள்ளே மின்கம்பி அறுந்து உடலைத் தொட்டால், மின்னோட்டம் எர்த் வழியே பாய்ந்து ஃபியூஸை உருக்கும் அல்லது பாதுகாப்பு சுவிட்சை ட்ரிப் ஆக்கும். எர்த் இல்லையென்றால் கருவி வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும். தொடுபவரின் உடல் எர்த் கம்பியாகிவிடும்.

மலிவான அடாப்டர்களின் பொதுக்குறை இங்கேதான் உள்ளது. முன்பக்கத்தில் மூன்று துளைகள் இருக்கும்; பின்பக்கத்தில் இரண்டு முனைகளே இருக்கும். எர்த் துளை எங்கும் இணையாத வெறும் பொந்து. மூன்று முனைப் பிளக் அழகாக அதில் உட்காரும் என்பதால் குறை கண்ணில் படாது. ஷூகோ சாக்கெட்டுக்குரிய அடாப்டரில் பக்கவாட்டுத் தகடுகள் இருக்கின்றனவா, பிரெஞ்சு சாக்கெட்டுக்குரியதில் எர்த் முனையை ஏற்கும் துளை உள்ளதா, அமெரிக்க அடாப்டரில் மூன்றாவது உருண்டை முனை உண்டா என்று திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாக் கருவிகளுக்கும் எர்த் தேவையில்லை. ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு பெற்ற கருவி. இரு முனை அடாப்டரே போதும். கைப்பேசி சார்ஜர்கள் இவ்வகை. மூன்று முனைப் பிளக்குடன் வரும் மடிக்கணினிகளை எர்த் இல்லாத அடாப்டரில் மாட்டும்போது சிலவற்றின் உலோக மூடியில் கைவைத்தால் மெல்லிய கூச்சம் உணரப்படும். சார்ஜருக்குள் மின்னிரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் மின்தேக்கி வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. எர்த் உள்ள இணைப்பில் அது சுவருக்குள் போய்விடும்.

மின்னோட்டமும் வெப்பமும்

அடாப்டரால் நேரும் தீவிபத்தின் மூலம் பெரும்பாலும் தளர்ந்த தொடர்பு. தொடுமிடத்தின் மின்தடை சிறிதளவு கூடினாலும், அங்கு உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப உயரும். தொடுமிடத்தில் பத்தில் ஒரு ஓம் மின்தடை இருப்பதாகக் கொண்டால், 1 ஆம்பியர் இழுக்கும் கருவி அங்கு பத்தில் ஒரு வாட் வெப்பத்தை உண்டாக்கும், கைக்குக்கூடத் தெரியாது. 10 ஆம்பியர் இழுக்கும் கெட்டில் அதே இடத்தில் 10 வாட்டை உண்டாக்கும். விரல்நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள் அடைபட்ட 10 வாட் அதை இளக்கிவிடும். கைப்பேசிக்குப் பல ஆண்டு உழைத்த அடாப்டர் கெட்டிலுக்கு ஒரு நாளில் கருகுவதன் காரணம் இது.

ஆகவே அடாப்டரின் மேல் குறித்துள்ள ஆம்பியர் அளவைக் கருவியின் தேவையோடு ஒப்பிட வேண்டும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் அடாப்டர் 1380 வாட் வரை தாங்கும்; 2.5 ஆம்பியர் முனைகள் 575 வாட் வரை; 13 ஆம்பியர் என்றால் 2990 வாட். அதே 6 ஆம்பியர் அடாப்டர் 120 வோல்ட் நாட்டில் 720 வாட்டுக்கே போதும். மின்னழுத்தம் குறைந்த நாட்டில் ஒரே வாட்டுக்கு ஆம்பியர் கூடும் என்பது எளிதில் மறந்துபோகும் கணக்கு.

பிரிட்டிஷ் முறையில் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஃபியூஸ் இருப்பதால், அந்த நாடுகளுக்கான நல்ல அடாப்டரிலும் ஃபியூஸ் இருக்கும். அது போய்விட்டால் அதே அளவுள்ளதையே மாற்ற வேண்டும். வெள்ளித்தாளையோ கம்பித் துண்டையோ வைத்து ஒப்பேற்றுவது பாதுகாப்பையே கழற்றி எறிவதற்குச் சமம்.

‘உலகப் பொது’ அடாப்டர்கள்

தள்ளும் பொத்தான்களால் பல நாட்டு முனைகளை வெளியே நீட்டும் ஒற்றை அடாப்டர் இன்று விமான நிலையக் கடைகளில் சாதாரணம். யு.எஸ்.பி. துளைகளும் சேர்ந்த இவை கைப்பேசி, கேமரா, மடிக்கணினி அளவில் வசதியானவை. பெரும்பாலானவற்றில் எர்த் கடத்தப்படுவதில்லை என்பது முதல் வரம்பு. பல வடிவப் பிளக்குகளையும் ஏற்க அகலமாக வெட்டிய துளைகள் எந்தப் பிளக்கையும் இறுகப் பிடிப்பதில்லை என்பது இரண்டாவது. தரமற்றவற்றில் ஒரு நாட்டு முனைகள் சாக்கெட்டில் இருக்கும்போது இன்னொரு நாட்டு முனைகளை வெளியே தள்ள முடிகிறது. அப்போது மின்சாரம் பாயும் உலோகம் கைக்கு எட்டும் நிலையில் நிற்கும். ஒரு வகை நீளும்போது மற்றவை பூட்டிக்கொள்ளும் அமைப்பு உள்ளதையே வாங்க வேண்டும். கனமான அடாப்டர் சுவர்ச் சாக்கெட்டிலிருந்து தொங்கி மெல்லக் கழன்றுவருவதும் உண்டு.

பெரிய நிறுவனத்தின் பொருளும் பிழைக்கு அப்பாற்பட்டதல்ல. ஆப்பிள் நிறுவனம் தன் சார்ஜர்களோடும் பயண அடாப்டர் தொகுப்போடும் வழங்கிய சில இரு முனை அடாப்டர்களை 2016-இலும், சில மூன்று முனை அடாப்டர்களை 2019-இலும் திரும்பப் பெற்றது. அவை உடைந்து, தொடுபவருக்கு மின்னதிர்ச்சி தரக்கூடும் என்பதே காரணம். பயண அடாப்டர்களுக்கென்று தனித் தரநிர்ணயங்களும் இருக்கின்றன, பிரிட்டனின் பி.எஸ். 8546 அவற்றில் ஒன்று. ஆம்பியர், வோல்ட், தயாரிப்பாளர் பெயர் எதுவும் அச்சிடாத அடாப்டரை விலை கருதி வாங்குவதில் பொருளில்லை.

கைப்பழக்கத்தில் உள்ள ஆபத்துகள்

பிரிட்டிஷ் வகைச் சாக்கெட்டில் மின்துளைகளை மூடியிருக்கும் தடுப்பு, எர்த் முனை உள்ளே போனால்தான் திறக்கும். குழந்தைகள் விரலையோ கம்பியையோ நுழைக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இரு முனைப் பிளக்கோடு வருபவர்கள் பேனாவை எர்த் துளையில் குத்தித் தடுப்பைத் திறந்து, பிளக்கைச் செருகிக்கொள்வது பரவலான வழக்கம். சதுரத் துளையில் உருண்டை முனை தளர்ந்தே நிற்கும். தடுப்பு முறிந்தால் அடுத்து வரும் குழந்தைக்கும் சாக்கெட் திறந்து கிடக்கும். எர்த் முனையை உடைத்தெறிவதும், பிளக்கை வெட்டிவிட்டு வயர் முனைகளைத் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவதும் இதைவிடக் கேடானவை.

ஓர் அடாப்டரின் மேல் இன்னோர் அடாப்டரை ஏற்றினால் ஒவ்வொரு தொடுமிடமும் வெப்பம் பிறக்கும் இடமாகிறது. அமெரிக்காவில் வாங்கிய, மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை 230 வோல்ட் நாட்டில் மாட்டுவதும் கூடாது. அதிலுள்ள தடுப்பான் 230 வோல்ட்டையே ஆபத்தான உயர்வாகக் கருதி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிக் கருகிவிடும்.

ஹோட்டல் குளியலறைகளில் ‘ஷேவருக்கு மட்டும்’ என்று குறித்த இரு துளைச் சாக்கெட் இருக்கலாம். ஈரமான இடத்தில் பாதுகாப்பு கருதி அதற்குப் பின்னால் ஒரு சிறிய தனிமை மின்மாற்றி வைத்திருப்பார்கள். சில பத்து வாட்டுகளுக்கு மேல் அது தாங்காது. அடாப்டர் போட்டு ஹேர் டிரையரை அதில் மாட்டக் கூடாது. ஈரக் கையோடு எந்த அடாப்டரையும் தொடக் கூடாது.

அடாப்டரில் இட்ட சார்ஜரைத் தலையணைக்கடியிலோ போர்வைக்கு நடுவிலோ வைத்தால் வெப்பம் வெளியேற வழியிருக்காது. அறையை விட்டுக் கிளம்பும்போது கழற்றிவிடுவது நல்லது. தொட்டால் சுடுவது, கருகல் வாடை, சடசடப்பு, பழுப்பேறிய பிளாஸ்டிக், ஆடும் முனைகள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த அடாப்டரின் ஆயுள் முடிந்தது. முதலில் சுவிட்சை அணைத்து, பின்னரே கழற்ற வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் சாக்கெட்டோடு சுவிட்ச் இருக்காது. அங்கு கருவியை அணைத்துவிட்டு, வயரை இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்ற வேண்டும். கருவியை மாட்டியதும் அறையின் மின்சாரம் ட்ரிப் ஆனால், மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காமல் கருவியைத் தவிர்ப்பதே சரி.

அடாப்டரே தேவைப்படாத வழிகள்

மடிக்கணினிச் சார்ஜர் போன்ற பல கருவிகளில் சுவர்ப் பக்கத்து வயரைக் கழற்ற முடியும். கழற்றும் முனையின் வடிவம் உலகெங்கும் ஒரே தரத்தில் அமைந்தது. சென்ற நாட்டின் கடையில் அந்நாட்டுப் பிளக் உள்ள வயரை மட்டும் வாங்கிப் பொருத்தினால் வடிவம், எர்த், ஃபியூஸ் மூன்றும் அந்நாட்டு முறைப்படியே அமைந்துவிடும். பல மாதங்கள் தங்கும் மாணவருக்கும் பணியாளருக்கும் இதைவிடச் சிறந்த வழி இல்லை. சிறு கருவிகள் பல இருந்தால், சென்ற நாட்டில் வாங்கிய பல துளை யு.எஸ்.பி. சார்ஜர் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும்.

குறுகிய பயணத்துக்கு, செல்லும் நாட்டுக்கென்றே செய்த, எர்த் கடத்தும் ஒற்றை அடாப்டர் உலகப் பொது அடாப்டரைவிட உறுதியானது. குடும்பமாகச் செல்வோர் அத்தகைய அடாப்டர் ஒன்றில் இந்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இணைத்துச் சார்ஜர்களை மட்டும் மாட்டிக்கொள்ளலாம். மாட்டிய எல்லாவற்றின் மொத்த ஆம்பியரும் அடாப்டரின் அளவுக்குள் இருக்க வேண்டும். பயண அடாப்டர் தற்காலிக ஏற்பாடு. ஓரிடத்தில் நிலைத்து ஓட வேண்டிய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர் முதலியவற்றுக்கு அந்நாட்டு மின்பணியாளரைக் கொண்டு முறையான பிளக்கைப் பொருத்துவதே தக்கது.